கொற்றவன்குடி உமாபதிசிவம்

சித்திரைத் திங்கள் அத்த நாளிற் சந்தானாசாரியர் நால்வருள் இறுதிக்கண் நின்ற உமாபதிசிவாசாரியரின் குருபூசை திருமடங்களிற் கொண்டாடப்பெறுகின்றது. அன்று அவர் சரிதம் படிக்கக் கேட்கும் அன்பர்கள் கொடி ஏறியதும், முள்ளிச்செடி முத்தியடைந்ததும் ஆகிய அற்புதங்கள் வருமிடத்துக் கண்ணீர் மல்கிக் கைகூப்புவர். படிப்பு முடிந்தபின் பந்திக்கு எழுவர். அவ்வாசிரியர் தம் சுற்றத்தாராலேயே ஆசாரம் பிழைத்தவர் என விலக்கப்பட்டு, ஊர்ப்புறத்தே சென்று வாழ்ந்தவர் என்னும் செய்தியோ அவ்வற்புதங்களின் ஒளியில் மறைந்துபோகின்றது. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவ்விலக்கைக் குறித்தேயாம். விதிக்கு அடங்கி வாழ்தலே நெறியென்று பிறர்க்குக் கற்பித்த குலத்திற் பிறந்த ஒருவர், ஒரு விதியை மீறினார்; மீறியதற்கு வருந்தினாரல்லர்; மீண்டு வரும்பொருட்டுக் கழுவாயும் தேடினாரல்லர். அவரையே நாம் ஞானாசிரியர் என்று வணங்குகின்றோம். இது சிறிது நின்று எண்ணத்தக்கது.

அவர் காலம் ஐயத்திற்கு இடமின்றித் தெரிகின்றது. அவரியற்றிய சங்கற்பநிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 என்னும் ஆண்டினைத் தன்னகத்தே குறித்துள்ளது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1311-இல், மாலிக் காபூரின் படை தமிழ்நாட்டினுட் புகுந்தது. பாண்டியர் உடன்பிறந்தார் இருவர் அரசுரிமைக்குத் தம்முட் பொருது நாட்டைச் சிதைத்த காலமும் அதுவே. புறத்தே இத்தகைய கலக்கம் நேருங்கால், அகத்தே உள்ளோர் தம் ஆசாரங்களை முன்னினும் இறுகப் பற்றிக்கொள்ளுதல் உலகியற்கை. சோழர் காலத்திற் பொற்கூரை வேயப்பெற்றுப் பேரரசர் பலரது வழிபாட்டிடமாய் விளங்கிய தில்லையைக் காக்க, அக்காலத்து அரசர் யாவர் உளர் என்று அங்கிருந்த அந்தணர் கவன்றிருப்பின் அது வியப்பன்று. அரசன் காவாதபோது முறைமையே காவலாம் என்று அவர்கள் கருதியிருத்தலும் கூடும். இதனை முதற்கண் மனத்திற்கொண்டாலன்றி அவர்கள் செய்த விலக்கை நடுவுநிலையினின்று காண்டல் அரிது.

உமாபதியார் தில்லைவாழந்தணர் மரபிற் பிறந்தவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை பாடத் தொடங்குங்கால் முதலிற் போற்றப்பெற்ற மரபு அது. வேதமும் சிவாகமமும் வடமொழி நூல்களும் தமிழ் நூல்களும் கற்றுச் சிவதீக்கையும் பெற்று, தமக்குரிய முறைநாளிற் கூத்தப்பெருமானைப் பூசிக்கும் உரிமை உடையவராய் விளங்கினார். அவரது கல்வியின் பெருக்கத்திற்கு, சிவாகமங்களினின்று தேர்ந்து தொகுத்த சதரத்தினசங்கிரகமும், பௌட்கராகமத்திற்குக் கண்ட உரையும் சான்றாவன. இவற்றை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஆசாரத்தை அறியாதவர் அதனை மீறுதல் வேறு. அறிந்து, அதில் ஊறி, அதனாற் பெருமையும் பெற்றவர் மீறுதல் வேறு. முன்னது பிழை எனப்படும். பின்னதற்குப் பெயர் காண்பது எளிதன்று.

பூசை முடித்து மனைக்கு மீளும்பொழுது சிவிகையில் ஏறி, பகலிலும் தீவட்டி பிடிக்கப்பெற்று, வாத்தியங்கள் முழங்க வருதல் அவர்க்கு உரிய வரிசை. ஒருநாள் அங்ஙனம் வருகையில், திண்ணை ஒன்றில் மாணாக்கருடன் இருந்த மறைஞானசம்பந்தர் அதனைக் கண்டார். மெய்கண்டதேவரின் மாணாக்கராகிய அருணந்திசிவாசாரியரிடம் உபதேசம் பெற்றவர் அவர். பட்டமரத்தின்மேல், பகலிற் கண் தெரியாத ஒருவர் செல்கின்றார் என்னும் கருத்துப்பட அவர் தம் மாணாக்கரை நோக்கிக் கூறினார். சிவிகை உயிரற்ற மரம். ஞாயிறு விளங்கும்பொழுது விளக்குத் தேவைப்படுபவர் குருடர். சொல் சிறிது, ஆயின் அது தைத்த இடம் பெரிது. வரிசை பெற்றவர் வேறு எவராயினும் அவமதிப்பென்று சினந்திருப்பர். உமாபதியார் சிவிகையினின்று இறங்கி வந்து அவர் திருவடியில் வீழ்ந்தார்.

இவ்விடத்துச் சந்தான மரபின் பழைய நிகழ்ச்சியொன்று நினைவிற்கு வருகின்றது. சகலாகம பண்டிதர் என்று பெயர்பெற்ற அருணந்தியார், மாணாக்கர் பலரும் தம்மை விட்டு மெய்கண்டார் என்னும் பாலரிடம் சென்றமை கண்டு சினந்து, ஆணவமலத்தின் உருவம் யாது என்று வினவும் பொருட்டு அவர்முன் நின்றார். அப்பிள்ளையார் வாய்திறவாது, அங்ஙனம் நிற்கும் நிலையே அதற்கு உருவம் என்று குறிப்பாற் காட்டினார். ஆதிசைவ மரபினராகிய முதியோர், வேளாளர் மனையில் வளர்ந்த சிறுவரது அடியில் வீழ்ந்து மாணாக்கராயினார். ஆகவே, இச்சந்தானம் தொடங்கும்பொழுதே முதுமை இளமை என்னும் வரிசையும், குலத்தின் ஏற்றத்தாழ்வு என்னும் வரிசையும் ஒருங்கே கவிழ்ந்தன. உமாபதியார் சிவிகையினின்று இறங்கியது அதன் தொடர்ச்சியேயாம்.

வீழ்ந்தவரை மறைஞானசம்பந்தர் உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். எழுந்து விரைந்து நடந்தார். உமாபதியார் பின்தொடர்ந்தார். நெசவுத்தொழில் செய்வோர் வாழும் தெருவினுட் புகுந்த ஆசிரியர், பசி மிகுதி தோன்ற அங்கிருந்தவரிடம் உணவு வேண்டினார். நெய்வதற்குமுன் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்த்து விறைப்பேற்றுதல் அத்தொழிலாளர் வழக்கம். அதற்கெனக் காய்ச்சிவைத்த கூழே அப்பொழுது கையகத்து இருந்தது. அதனை அவர்கள் வார்க்க, ஆசிரியர் இரு கையாலும் ஏந்தி உண்டார். முழங்கை வழியாக ஒழுகியதை உமாபதியார் தம் கையில் ஏற்றுக் குருப்பிரசாதமாக உட்கொண்டார்.

இதனைப் படிப்போர் பலரும் குருபத்தியின் உறைப்பு என்று கூறி மேலே செல்வர். யாம் அவ்வாறு செல்ல விரும்புகின்றிலேம். ஆசிரியர் நினைத்திருந்தால் அந்தணர் மனையொன்றிற் புகுந்து அன்னம் வேண்டியிருத்தல் கூடும். சத்திரத்திலும் உண்டிருத்தல் கூடும். அவர் தேர்ந்தது நெசவாளர் தெரு. உண்டதும் உணவென்று சமைக்கப்பட்டதன்று. நூலுக்கு இடும் பசை. தம்பின் வருபவர் யாவர், எதனைச் சுமந்து வருகின்றார் என்பதை அவர் நன்கறிவார். சிவிகையை விட்டு இறங்குதல் ஒரு கணத்தில் முடிவது. கூட்டம் கண்டு வியக்கும். அடுத்த நாள் சிவிகை மீண்டும் வந்து வாயிலில் நிற்கும். எவரிடம் வாங்கி உண்ணலாம், எவர் கைந்நீர் பருகலாம் என்னும் வரையறையை விட்டு இறங்குதலோ மீளுதற்கு வழியில்லாத இறக்கம். ஆசிரியர் சோதித்தது அதனையே. மாணாக்கர் ஒழுகிய கூழைக் கையில் ஏற்றபொழுது, குலத்தையும் முறைநாளையும் மனையையும் ஒருசேர இழப்பது உறுதி என்பதை அறியாதவரல்லர்.

செய்தி தில்லையெங்கும் பரவியது. மூவாயிரவர் கூடி அவரைத் தம் கூட்டத்தினின்றும் விலக்கினர். பூசைமுறையும் மறுக்கப்பட்டது. அவர்கள் மேற்கொண்ட நியாயத்தையும் ஈண்டு எடுத்துரைத்தல் கடமை. பெருமானைத் தீண்டிப் பூசிக்கும் கை தூய்மை உடையதாதல் வேண்டும். அத்தூய்மை இன்ன இன்ன ஒழுக்கத்தால் நிலைபெறும் என முன்னோர் வகுத்தனர். ஒருவர்க்கு விலக்களித்தால் நாளை ஒவ்வொருவரும் ஒரு காரணம் கூறுவர் என்பது அவர்கள் கருத்து. இது பொருளற்ற பேச்சன்று. கூட்டமாக வாழ்வோர் யாவரும் ஏதேனும் ஒரு பொழுது இதனைக் கூறியேயிருப்பர். குற்றம் எங்கே உளது எனின், தூய்மைக்கென வகுத்த வேலி, எந்தப் பொருளைச் சூழ இடப்பட்டதோ அந்தப் பொருளையே புறத்தே நிறுத்திவிட்டமையில் உளது. ஞானாசிரியன் உண்டு எஞ்சியது மாணாக்கனைத் தூய்மை செய்யும் என்பது சைவநூல் முடிபு. அதனை உண்டவன் தூய்மை இழந்தான் என்பது ஊர்வழக்கு. இரண்டும் ஒருவர் கையில் ஒரே கணத்தில் எதிர்ப்பட்டன. இரண்டையும் காத்தல் இயலாதாயிற்று.

ஆகமத்தை ஓதியவர்க்கு மற்றொன்றும் தெரியும். தீக்கைக் கிரியைகளுள் சாதியுத்தாரணம் என ஓரங்கம் உண்டு. மாணாக்கனது பிறவிச் சாதியை நீக்கி அவனைச் சைவப் பிறப்பில் உயர்த்துதல் அதன் கருத்து. பின்வந்தோர் பெரும்பாலும் அதனைக் குண்டத்தருகே நிகழும் கிரியையளவில் நிறுத்திக்கொண்டு, மண்டபத்தைக் கடந்தவுடன் பழைய குலத்தையே எழுப்பி விடுத்தனர். நூலில் உள்ளதை நடையிற் கொணரத் துணிந்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவரை நாம் ஆசாரியர் வரிசையிற் பெற்றமை நம் தவப்பயன்.

விலக்கப்பட்டவர்க்கு மூன்று வழிகள் இருந்தன. கழுவாய் செய்துகொண்டு மீண்டும் கூட்டத்திற் சேர்தல் ஒன்று. சேர்ந்திருப்பின், கூழ் உண்டது குற்றமே என்று ஒப்பியவராவர், நெசவாளரது கை தீட்டு என்றும் ஒப்பியவராவர். அரசனிடம் முறையிட்டுத் தம் உரிமையை மீட்டல் மற்றொன்று. கோயிலையும் அதனைச் சார்ந்தோரையும் இகழ்ந்துகொண்டு, கேட்பவரைத் திரட்டுதல் மூன்றாவது. மூன்றையும் அவர் கொள்ளவில்லை. தில்லைக்குக் கிழக்கே கொற்றவன்குடி என்னுமிடத்திற் சென்று மடம் அமைத்து, ஆன்மார்த்த பூசையும் பாடஞ் சொல்லுதலும் நூலியற்றுதலுமாக இருந்தார். விதி தவறு என்று கண்டமையால் அதற்கு அடங்கவில்லை. தமக்கு நேர்ந்த இழப்பு தம்மளவில் உள்ளதாகலின் அதன்பொருட்டுப் பூசலிடவும் இல்லை. தம்மைப் பற்றிய அநீதியில் அவர் கொண்ட இப்பொறுமையை நினைவிற் கொள்க. பிறரைப் பற்றிய அநீதியில் அவர் நடந்துகொண்ட முறை இதனின் வேறாயிருத்தலைப் பின்னர்க் காண்போம்.

கொடிக்கவியின் வரலாறு யாவரும் அறிந்தது. திருவிழாத் தொடக்கத்திற் கொடியேற்றும் உரிமை பெற்றிருந்தவர் எத்துணை முயன்றும் கொடி ஏறவில்லை. உமாபதி வந்தால் ஏறும் என்று அசரீரி எழுந்தது. விலக்கியவர்களே கொற்றவன்குடிக்கு ஆள் விடுத்தனர். அவர் வந்து பாட, கொடி தானே ஏறிற்று. அங்ஙனம் பாடியது சில செய்யுளேயுடைய சிறுநூலாய்ச் சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாக விளங்குகின்றது. யாம் வியப்பது கொடி ஏறியதையன்று. அழைத்தபொழுது அவர் வந்தாரே, அதனையே வியக்கின்றோம். விலக்கியவர் வாயிலை மிதியேன் என்று அவர் கூறியிருந்தால் அதனைத் தவறென்பார் எவரும் இலர். வந்தவர் அந்நூலிற் பாடியதும் தம் வழக்கையன்று. ஒளிக்கும் இருளுக்கும் இடம் ஒன்றே, ஒன்று மேற்படின் மற்றொன்று அடங்கியிருக்கும் என்னும் நுண்பொருளை, ஆன்மாவினிடத்து அருளும் மலமும் நிற்கும் நிலைக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். தம்மை இருளில் தள்ளியவர் சூழ நிற்க, இருள் என்பது அவர்களுடைய இருள் என்று சுட்டாமல், எல்லார்க்கும் உள்ள இருள் எனப் பொதுவாகக் கூறியது பெரியோர் செயல்.

இனி, பெற்றான் சாம்பான் சரிதம். கொற்றவன்குடி மடத்து அடுக்களைக்கு நாள்தோறும் விறகு கொணர்ந்து இட்டு வந்தவர் அவர். அக்காலத்தார் தீண்டலாகாது என ஒதுக்கிய குலத்திற் பிறந்தவர். உமாபதியார் வாழும் இடத்திற்கு விறகு சுமத்தலையே தமக்குத் தொண்டாகக் கொண்டிருந்தார். ஒருநாள் விறகுடன் ஓலைச்சீட்டு ஒன்றும் மடத்திற்கு வந்தது. சிற்றம்பலவன் எழுதியதாகிய அச்சீட்டு, இச்சாம்பானுக்கு வேறுபாடு பாராது தீக்கை செய்து முத்தி கொடுப்பதே முறை என்று கொற்றவன்குடியார்க்கு ஆணையிட்டது. உமாபதியார் அவரை அழைத்து, அதிகாரம் உண்டோ இல்லையோ என்று ஏடு புரட்டாது, ஞானதீக்கை செய்தருளினார். சாம்பான் அப்பொழுதே சோதியிற் கலந்தார்.

இதனைத் திருநாளைப்போவார் வரலாற்றோடு ஒப்பு நோக்குதல் பயன் தரும். சேக்கிழார் பாடிய அவ்வரலாற்றில், தில்லை எல்லையைத் தொழுது வலம்வந்து உட்புகமாட்டாது நின்ற அடியார், இறைவன் கனவிற் பணித்தபடி எரியினுட் புக்கு, முனிவர் வடிவு கொண்டு வெளிப்பட்ட பின்னரே கோயிலுட் சென்றார். அங்கே விதி மீறப்படவில்லை. விதிக்கு ஏற்ப அடியார் மாற்றப்பட்டார். அன்பின் எல்லையைக் காட்டுதற்கு அவ்வரலாற்றை விஞ்சியது இல்லை. எனினும் எரி எதற்கு என்னும் வினா அதனைப் படிக்குந்தோறும் எம்மை வருத்தியதுண்டு. பல நூற்றாண்டுகட்குப்பின், அதே தில்லையின் புறத்தே, அதே குலநிலையில் ஒதுக்கப்பட்ட ஒருவர்க்கு எரி வேண்டப்படவில்லை. வடிவு மாறவும் வேண்டப்படவில்லை. விறகு சுமந்த தோளோடு அவர் நின்றார், ஆசிரியர் நோக்கினார், அவ்வளவே. எரிக்க வேண்டியது பாசத்தையே என்பதைச் செய்கையாற் காட்டியவர் உமாபதியார்.

ஓலை இறைவன் எழுதியதாயின், உமாபதியார் கட்டளைக்குப் பணிந்தவரேயன்றி விதியை எதிர்த்தவராதல் எங்ஙனம் என்று எம்மை வினவியோர் உண்டு. நல்ல வினாவே. தில்லைச் சிற்றம்பலத்தைத் தீண்டிப் பூசித்தோர் பலர் இருக்க, ஓலை அவர்களுள் ஒருவர்க்கேனும் எழுதப்படாமல், விலக்குண்டவர் வாழ்ந்த கொற்றவன்குடிக்கு எழுதப்பட்டது என்பதை அவ்வன்பர் நோக்குவாராக. ஆணையைச் செய்துமுடிக்கக்கூடியவர் யாவர் என்பதைச் சிற்றம்பலவன் அறிவான். நெசவாளர் தெருவிற் கூழுண்ட கைக்கு, விறகு சுமந்தவரைத் தொடுவதில் தடையில்லை. முன்னதற்கு உடன்பட்டிராதவர் பின்னதைச் செய்திருக்கமாட்டார். ஓலை வந்த நாளிலே புதிதாகப் பிறந்த துணிவன்று அது.

சாம்பானின் மனைவி தன் கணவனைக் காணாது கலங்கி அரசனிடம் முறையிட்டாள். அவள் வழக்கு நேரியதே. மடத்திற்குச் சென்ற கணவன் மீளவில்லை, உடலும் இல்லை, முத்தியடைந்தான் என்று கூறினால் ஏழை மனைவி எதனை நம்புவாள்? நூல்கள் இவளைப் பற்றி மிகுதியாகக் கூறவில்லை. யாம் அவளைக் குறைகூற மாட்டோம். அரசன் விசாரித்தான். உமாபதியார் செய்ததை மறைக்கவில்லை, மாணாக்கர்மேல் ஏற்றவில்லை, அதனைச் செய்தவர் தாமே என்று நின்றார். அரசன் ஐயம் நீங்கும்பொருட்டு, தம் பூசையின் திருமஞ்சன நீர் பாய்ந்து வளர்ந்த முள்ளிச்செடியொன்றினை நோக்கி நயனதீக்கை செய்ய, அதுவும் சோதியாய் மறைந்தது. ஓரறிவுயிராகிய செடிக்கும் உரியது, ஆறறிவுடைய மனிதனுக்கு அவன் குலத்தால் உரியதன்று என்று கூற எவர் எஞ்சியிருப்பர்? முட்செடியைத் தேர்ந்ததிலும் ஓர் அழகு உளது. வில்வம் அன்று, கொன்றை அன்று; எவரும் கால்வைக்க அஞ்சி விலகிச் செல்லும் செடி.

தம் பூசைமுறை பறிபோனபொழுது வாளாவிருந்தவர், சாம்பானுக்கு உரியது வந்தபொழுது ஒரு நாளும் தாழ்க்கவில்லை என்பதை மேலே குறித்ததனோடு சேர்த்து நோக்குக. தம் இழப்பிற்குப் பொறுமை தகும். பிறனது இழப்பின்மேல் ஒருவர் கொள்ளும் பொறுமை அவனை அங்கேயே நிறுத்திவைப்பதாய் முடியும். சில விதிகளை எதிர்த்தற்குக் காலம் வரவேண்டும் என்பர். எவர்க்குக் காலம் என்பதைக் கேட்டறிந்த பின்னரே அச்சொல்லை ஏற்றல் தகும்.

இற்றைக்கு ஐம்பது ஆண்டுகட்குமுன் யாம் பாடங் கேட்ட ஓரிடத்தில் இக்குருபூசை மிகச் சிறப்பாக நிகழும். பெற்றான் சாம்பான் சரிதத்தை இசையோடு படிப்பர். படித்து முடித்தபின் பந்தி வைப்பர். அவ்விடத்து அடுப்பிற்கு விறகு பிளந்து போட்டவர் மட்டும் கொல்லைப்புறத்திலே, கிணற்றடியில், தம் இலையைத் தாமே விரித்து அமர்ந்திருந்தார். சோறு அங்கே எடுத்துச் செல்லப்பட்டது. 1939-இல் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயில் எல்லார்க்கும் திறக்கப்பட்டு, 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டமும் நிறைவேறி, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் தீண்டாமையை ஒழித்து, அதன்பின்னும் இருபது ஆண்டுகளுக்குமேற் கழிந்திருந்தன. அரசு விதி மாறியிருந்தது; பந்தி மாறவில்லை. நடத்தியோரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை, ஏனெனின் யாம் முன்பந்தியிலே அமர்ந்திருந்தேம், கண்டேம், வாய் திறந்திலேம். இளைஞர்க்கு அது தகாது என்று அன்று எண்ணினேம். முதுமை வந்தபின்னும் வேறிடங்களிற் கண்டு, வேறு காரணம் எண்ணியதும் உண்டு. உமாபதியார் சரிதத்தை எழுதுங்கால் அக்கிணற்றடி எம் கண்முன் வருதலைத் தடுக்க இயலவில்லையாதலின் எழுதினேம். பொறுத்தருளுக.

கொற்றவன்குடியில் இருந்து அவர் அருளிய நூல்கள் பல. சாத்திரம் பதினான்கனுள் எட்டு அவருடையனவாக வழங்குகின்றன. நூறு செய்யுளால் ஆகிய சிவப்பிரகாசமும், நூறு குறட்பாவால் ஆகிய திருவருட்பயனும் நம்மவர் நாவில் நிலவுவன. நெஞ்சுவிடுதூதில் ஆசிரியர்மேற் கொண்ட காதல் பொங்கி வழியக் காணலாம். ஒன்பது மதங்களைத் தனித்தனி எடுத்து மறுக்கும் சங்கற்பநிராகரணம் அவரது தருக்க வன்மைக்கு இலக்கியம். சிவப்பிரகாசப் பாயிரத்திலே, பழமை உடையன என்பதனால் எல்லா நூலும் நன்றாகிவிடா, இன்று தோன்றியன என்பதனால் எல்லா நூலும் தீதாகிவிடா என்று அவர் முடிவு கூறியதைப் பாடஞ் சொல்லுவோர் நன்கறிவர். நூலுக்குக் கூறிய இம்முடிவு ஒழுக்கத்திற்கும் ஒக்கும் என்று அவர் எங்கும் விரித்தெழுதவில்லை. நெசவாளர் தெருவிலே அதனை எழுதிவிட்டமையால், ஏட்டில் எழுதுதல் மிகையாயிற்றுப் போலும். அதே பாயிரத்திற் பழமையை இகழ்ந்தாரும் அல்லர் என்பதையும் மறவற்க. மெய்கண்டார் நூலையும் அதன் வழிநூலையும் முதலாக வைத்தே தம் நூலைத் தொடங்கினார். மரபின் ஒரு கிளையை வெட்டியவர் அம்மரபின் வேரிலே நின்றே வெட்டினார்.

அவர் பாடிய கோயிற்புராணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். தில்லையின் பெருமையையும் தில்லைவாழந்தணரின் பெருமையையும் விரித்துரைப்பது அந்நூல். இரணியவன்ம அரசன், அந்தர்வேதியிற் சென்று தங்கியிருந்த மூவாயிரவரைத் தில்லைக்கு மீண்டும் அழைத்து வருகின்றான். வந்தவரை எண்ணிப் பார்க்குமிடத்து ஒருவர் குறைகின்றார். யாவரும் திகைத்து நிற்கையில், குறைந்த அவ்வொருவன் யாமே என்று கூத்தப்பெருமான் அருளுகின்றான். மூவாயிரவராற் கூட்டத்தினின்றும் நீக்கப்பட்ட ஒருவர், கொற்றவன்குடியில் அமர்ந்து, அம்மூவாயிரவர் புகழைப் பாடுங்கால், எண்ணிக்கையில் ஒருவர் குறைந்த இவ்விடத்தை எம்மனநிலையோடு எழுதினாரோ அறியோம். அவ்விடத்தில் தம்மைப் பற்றிய குறிப்பு ஒன்றும் வைத்திலர். வெகுளியும் இல்லை, இரக்கமும் இல்லை. செய்யுள் தெளிந்த நீர்போல் ஓடுகின்றது. யாம் அப்பகுதியைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் சற்று நிறுத்துவதுண்டு. மாணாக்கர் ஏனென்று வினவினால் மட்டும் காரணம் சொல்லுவோம்.

சித்திரை அத்தத்திற் சிவபரிபூரணம் எய்திய அவர்க்குக் கொற்றவன்குடியிலே சமாதித் திருக்கோயில் அமைந்தது. அவர்பால் உபதேசம் பெற்ற அருணமச்சிவாயரும், அவர் மாணாக்கராகிய சித்தர் சிவப்பிரகாசரும் அவ்வழியை வளர்த்தனர். சித்தர் சிவப்பிரகாசரின் மாணாக்கராகிய நமச்சிவாயமூர்த்திகள் திருவாவடுதுறைக்கு எழுந்தருளி ஆதீனம் நிறுவினார்.